ஆற்றல் எங்கே போகிறது? டியூஷன் அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஆயிர் ஈத்தாமில், மலை ரயிலின் அடிவார நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் வீடு. முன்னறையில் ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு நீள மேசை. இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகள் சாயங்காலம் இயற்பியல் படிக்க வருகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறுகின்றன. ஆற்றல் அழிவின்மை விதி வந்துவிட்டால் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்களும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்றிரண்டு கேட்பார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கணக்குகளில் புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றே எடுத்திருக்கிறேன். 9.81 தான் வேண்டும் என்பவர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

விதி என்னதான் சொல்கிறது?

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அது ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும். வெளியிலிருந்து எதுவும் வராமலும் வெளியே எதுவும் போகாமலும் இருக்கிற ஓர் அமைப்பில் மொத்தத் தொகை மாறாது.

இதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சொன்ன பிறகும் 'அப்படியென்றால் ஆற்றல் என்பது என்ன?' என்று முழிப்பார்கள். நான் செட்டியார் கணக்கை எடுப்பேன். பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் வட்டிக்கடை நடத்திய காலத்தில், வரவு, பற்று, இருப்பு மூன்றும் ஒத்துப்போனால்தான் பேரேட்டை மூடுவார்கள். ஒரு காசு இடித்தாலும் 'காற்றில் கரைந்துவிட்டது' என்று எழுத மாட்டார்கள்; எந்தப் பற்றை எழுத மறந்தோம் என்று தேடுவார்கள். ஆற்றலும் அப்படி ஒரு கணக்குத் தொகைதான். கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள் கிடையாது. உயரத்துக்கு ஒரு கணக்கு, வேகத்துக்கு ஒரு கணக்கு, வெப்பத்துக்கு ஒன்று, ஒளிக்கு ஒன்று. ஒன்றில் குறைந்தது இன்னொன்றில் ஏறியிருக்கும்.

ஆற்றல், சக்தி, விசை, திறன்: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. தமிழ்ப்பள்ளியில் சக்தி என்று படித்ததும் தமிழகத்துப் புத்தகம் ஆற்றல் என்பதும் ஒன்று, மலாயில் தெனாகா. விசை என்பது டாயா, தள்ளுவதும் இழுப்பதும். திறன் என்பது குவாசா, ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்ற கணக்கு. ஆற்றலுக்கு ஜூல், விசைக்கு நியூட்டன், திறனுக்கு வாட். வீட்டில் 'உடம்பில் சக்தியே இல்லை' என்று சொல்வதை இதில் கொண்டுவர வேண்டாம்.

உயரத்தில் இருந்தால் ஆற்றல் எப்படி வரும்? சும்மாதானே இருக்கிறது?

பாலிக் புலாவ் தோட்டத்துக்குப் போனவர்களுக்குச் சந்தேகமே வராது. 15 மீட்டர் உயரக் கிளையில் 2 கிலோ டுரியான் ஒன்று தொங்குகிறது. நிறை, முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள்: 300 ஜூல். காம்பு விட்டதும் உயரக் கணக்கிலிருந்து வேகக் கணக்குக்குத் தொகை மாற ஆரம்பிக்கிறது. நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல். அதை 300-க்குச் சமமாக வைத்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த வேகத்தில் முள்ளோடு வருகிறது. தோட்டக்காரர் தலையில் தொப்பி போட்டுக்கொள்வது பயத்தால் இல்லை, கணக்கு தெரிந்துதான்.

ஒரு கிலோ டுரியான் மெதுவாக விழுமா என்று கேட்பார்கள். விழாது. சமன்பாட்டின் இரு பக்கமும் நிறை இருப்பதால் அது அடிபட்டுப் போகும். காற்றுத் தடையை விட்டுவிட்டால் வேகம் ஒன்றே. வலியில்தான் வித்தியாசம்.

மரத்தடியில் வலை கட்டுகிறார்களே, அதுவும் இதே கணக்குதான். 300 ஜூலை 2 சென்டிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை 15,000 நியூட்டன், பழம் வெடிக்கும். வலை ஒரு மீட்டர் தொய்ந்து நிறுத்தினால் சுமார் 300 நியூட்டன். அடைக்கவேண்டிய தொகை ஒன்றுதான், தவணை நீளுகிறது.

தரையில் விழுந்து நின்றுவிட்டதே. இப்போது உயரமும் இல்லை, வேகமும் இல்லை. விதி என்னாயிற்று?

நல்ல கேள்வி. இதற்குத் தைப்பூசத்தைத்தான் உதாரணம் காட்டுவேன். ரதம் வருமுன் சாலையில் மலைபோல் குவித்து வைத்துச் சிதறு தேங்காய் அடிக்கிறோம். அரை கிலோ தேங்காய், நொடிக்குப் பத்து மீட்டர் வேகம் என்றால் 25 ஜூல். கை உயரத்திலிருந்து இறங்கியதற்கு இன்னும் ஐந்து. மொத்தம் 30 ஜூல் சாலையில் மோதுகிறது. அந்த முப்பதுக்கும் கணக்கு சொல்லியாக வேண்டும். ஓட்டைப் பிளக்க ஒரு பங்கு. பறக்கும் சில்லுகளோடும் தெறிக்கும் இளநீரோடும் ஒரு பங்கு. காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்துக்கு, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், மிகச் சிறிய பங்குதான். ஒலி ஆற்றலில் ஏழை. சில்லுகளும் உருண்டு நின்ற பிறகு பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாம் தாரிலும் ஓட்டிலும் வெப்பமாகியிருக்கும்.

தொட்டுப் பார்த்தால் ஏன் சுடவில்லை? 30 ஜூலும் தேங்காய்க்கே போனாலும் அதன் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான் ஏறும். விரலுக்கு அது எட்டாது. பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் இந்த விதியைக் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு இதுவே பெரிய காரணம். பற்று எழுதிய கணக்கு கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது.

தே தாரிக்கை மேலிருந்து ஊற்றும்போது வேக ஆற்றல் வெப்பமாகுமே. அப்போது தேநீர் இன்னும் சூடாகணுமே, ஏன் ஆறுகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு நான் அன்றே ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். அவன் சொன்னது சரி, சூடாகத்தான் செய்கிறது. எவ்வளவு என்பதுதான் விஷயம்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒவ்வொரு கிலோ தேநீருக்கும் 10 ஜூல் கிடைக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் வேண்டும். ஆக, ஒரு இழுப்புக்கு ஆயிரத்தில் இரண்டு பங்கு டிகிரி சொச்சம் ஏறும். மாமாக் கடைக்காரர் கை வலிக்க நூறு தடவை ஆற்றினாலும் கால் டிகிரி தேறாது.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். நீண்டு மெலிந்து விழும்போது தேநீரின் பரப்பு பெருகுகிறது, நுரைக்கிறது, ஆவி பறக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகிப் போக ஏறத்தாழ 2,300 ஜூலை எடுத்துக்கொண்டு போகும். கால் கிலோ தேநீரிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியானால் மீதிக்கு இரண்டு டிகிரி குறையும். காற்றோடு உரசிப் போகும் வெப்பம் தனி. வரவு பைசாவில், செலவு வெள்ளியில். ஆறாமல் என்ன செய்யும்?

இதை யார் கண்டுபிடித்தார்கள்? நியூட்டனா?

நியூட்டன் இல்லை. ஒரே ஆளும் இல்லை. எனக்குப் பிடித்த கதை நம் பக்கத்தில்தான் நடந்தது. 1840-இல் ஜூலியஸ் ராபர்ட் மேயர் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் டச்சுக் கப்பல் ஒன்றில் ஜாவாவுக்கு வந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி மாலுமிகளுக்கு ரத்தம் எடுத்தபோது, சிரையில் வந்த ரத்தம் கருஞ்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்று சிவந்திருந்தது. தமனியையே வெட்டிவிட்டோமோ என்று நினைக்கும் அளவுக்கு. நம் ஊர் வெக்கையில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவை அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது என்று அவர் யோசித்தார். அங்கிருந்து உணவு, வெப்பம், உடலுழைப்பு மூன்றும் ஒரே கணக்கின் வேறு வேறு பக்கங்கள் என்ற எண்ணத்துக்குப் போய், 1842-இல் எழுதினார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல், மதுபான ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, இதை அளந்து காட்டினார். எடைக்கல் இறங்க, அது கயிற்றின் வழியே தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்ற, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று 1840-களில் திரும்பத் திரும்பப் பார்த்தார். இன்றைய அலகில் ஒரு கலோரிக்கு, அதாவது ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்துக்கு, ஏறத்தாழ 4.2 ஜூல். தேங்காயில் நாம் பார்த்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத சூட்டை அவர் வெப்பமானியில் பிடித்தார் என்பதுதான் பெருமை. 1847-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இயற்பியல் முழுவதற்குமான விதியாக எழுதினார்.

மலை ரயில் மேலே போகிறதே, அந்த ஆற்றலுக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்?

வீட்டு வாசலில் இருக்கிற உதாரணம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். பினாங்கு மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. பழைய ரயிலில் பாதி வழியில் இறங்கி மாற வேண்டும், அரை மணி நேரம் ஆகும். 2011-இல் வந்த புது ரயில் இரண்டு கிலோமீட்டர் பாதையைச் சில நிமிடங்களில் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறது. அந்தப் பழைய ரயிலை இன்னும் நினைத்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தி. சரி, அது வேறு கதை.

ஒரு பெட்டியில் நூறு பேர், ஆளுக்கு 60 கிலோ, ஏறும் உயரம் 700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 4 கோடியே 20 லட்சம் ஜூல். மின்கட்டண பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, ஆட்களை மட்டும் தூக்க ஏறத்தாழ 12 யூனிட்.

பெட்டியின் எடையை ஏன் சேர்க்கவில்லை? அதில்தான் சூட்சுமம். ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரு பெட்டிகள். ஒன்று ஏற, மற்றது இறங்கும். கிணற்றுக் கப்பியில் இரண்டு வாளி கட்டினாற்போல. இறங்கும் பெட்டி விட்டுக்கொடுக்கும் உயர ஆற்றலே ஏறும் பெட்டியைத் தூக்கிவிடுகிறது. இரண்டும் நிரம்பியிருந்தால் ஆட்களின் எடையும் சரிக்குச் சரி. மோட்டார் உராய்வையும் காற்றையும் சமாளித்து, கிளம்பும்போது வேகம் கொடுத்தால் போதும். ஏறுகிறவர்கள் அதிகமிருக்கும் வேளையில் செலவு கூடும். இறங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டால் மோட்டார் தள்ளுவதை விட்டுப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்யும்.

தண்ணீர்மலை முருகன் கோவில் படி ஏறினால் உடம்பு இளைக்குமா?

அம்மாக்கள் கேட்பது. மனம் நோகக்கூடாது, ஆனாலும் கணக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 513 படிகள், ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 77 மீட்டர் உயரம். 60 கிலோ ஆளுக்கு 46,000 ஜூல், அதாவது 11 கிலோகலோரி. தசை, சாப்பாட்டு ஆற்றலில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், மீதி வியர்வையும் சூடும். எனவே உடலின் செலவு 44 கிலோகலோரி. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300. ஏழு தடவை ஏறிவிட்டு வந்து சாப்பிடலாம். அதற்குமுன் முருகனே போதும் என்று சொல்லிவிடுவார்.

ஆற்றல் அழியாது என்றால் மின்சாரத்தை ஏன் மிச்சப்படுத்தணும்?

அழியாது, ஆனால் உதவாததாகிவிடும். மலாயில் இந்த விதிக்கு 'கெஅபாடியான்' என்கிறார்கள், நித்தியம் என்ற பொருள் வரும். அதே மொழியில்தான் 'ஜிமாட் தெனாகா', ஆற்றலைச் சிக்கனப்படுத்து என்றும் அறிவிப்பு. இரண்டும் முரண் இல்லை. ஒரு யூனிட் மின்சாரம் 60 கிலோ ஆளை 6,000 மீட்டர் தூக்கும், கினபாலு மலையைவிட (4,095 மீட்டர்) உயரமாக. அதே யூனிட்டை அறைக்காற்றில் வெப்பமாகக் கலந்துவிட்டால் தொகை அப்படியே இருக்கும். அதைத் திரட்டி யாரையும் ஒரு முழம்கூடத் தூக்க முடியாது. ஒரு கைப்பிடி உப்பைக் கடலில் போட்டாற்போல. உப்பு இருக்கிறது, சமைக்க முடியாது. எரிவாயுவும் நிலக்கரியும் எரித்து நாம் வாங்குவது அந்தத் திரண்ட நிலையைத்தான். இதற்கு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று பெயர். அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?

சூடாகும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தைப் பின்பக்கம் விடுகிறது, கூடவே மோட்டார் தின்ற மின்சாரமும் வெப்பமாகிறது.

காற்றாடியும் அறையைக் குளிர்விப்பதில்லை. மூடிய அறையில் 60 வாட் காற்றாடி 60 வாட் அடுப்புதான். நம் தோலில் வியர்வையை உலர்த்துவதால் குளிர்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடவிடாதீர்கள்.

ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் 800 வாட்தான் எடுக்கிறது, 2,600 வாட் குளிர்விக்கிறதாமே. விதி மீறல் இல்லையா?

கெட்டிக்காரப் பிள்ளை கேட்டது. மீறல் இல்லை. ஏர்கோன் குளிரை உண்டாக்கவில்லை, அறையிலிருக்கும் வெப்பத்தைச் சுமந்துபோய் வெளியே கொட்டுகிறது. 800 வாட் என்பது சுமைகூலி. வெளிப்பெட்டியில் கையை நீட்டிப் பாருங்கள்: 2,600-உம் 800-உம் சேர்த்து 3,400 வாட் வெப்பம் வீசும். கணக்கு நேர்.

தன்னைத்தானே சுற்றவைத்துக்கொள்ளும் காற்றாடி, தண்ணீரில் ஓடும் கார் எல்லாம் வாட்ஸ்ஆப்பில் வருகிறதே?

ஒளித்துவைத்த பேட்டரியைத் தேடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். ஹைட்ரஜன் எரிந்து விட்ட சாம்பல் என்று சொல்லலாம். அதைப் பிரிக்கச் செலவாவது, திரும்ப எரித்துக் கிடைப்பதைவிடக் குறையாது. பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே நிரந்தர இயக்க எந்திரங்களை இனிப் பார்வையிட மாட்டோம் என்று முடிவெடுத்துவிட்டது. உங்கள் மாமா அனுப்பினால் அத்தனை கறாராக இருக்க முடியாது. 'நல்லா இருக்கு மாமா' என்று போட்டுவிட்டுப் படிக்கப் போங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் ஏன் நான்கு மடங்கு?

18-ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. டச்சுக்காரர் ஸ்கிராவெசாண்டே பித்தளை உருண்டைகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இருமடங்கானபோது பள்ளம் நான்கு மடங்கு ஆழமானது. பிரான்சின் எமிலி து ஷாத்லே இதன் பொருளை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர்.

சாலையில் இது உயிர்ப் பிரச்சினை. மோட்டார் சைக்கிளில் 40-இல் போனால் 10 மீட்டரில் பிரேக் பிடித்து நிற்கும் என்றால், 80-இல் 40 மீட்டர் வேண்டும். நானே ஒரு முறை பாலிக் புலாவ் மலைச்சாலையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கி வந்து, கீழே நிறுத்தியதும் பிரேக் தட்டைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். வண்டியும் நானும் 180 கிலோ, 200 மீட்டர் இறக்கம் என்று வைத்தாலும் 3,60,000 ஜூல். விரலில் கொப்புளம் வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். இயற்பியல் ஆசிரியை.

இந்த விதி எப்போதாவது தோற்றிருக்கிறதா?

தோற்றாற்போல் ஒரு முறை தெரிந்தது. சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை உமிழும்போது, எலக்ட்ரான் எடுத்துப்போகும் ஆற்றல் இருக்கவேண்டியதைவிடக் குறைவாக இருந்தது, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவில். நீல்ஸ் போர் போன்ற பெரியவரே, அணுவுக்குள் இந்த விதி சராசரியாக மட்டும் பொருந்துமோ என்று யோசித்தார். 1930-இல் வுல்ஃப்காங் பவுலி கணக்கை நம்பினார்: கண்ணில் படாத ஒரு துகள் மீதியை எடுத்துக்கொண்டு ஓடுகிறது என்றார். பேரேட்டில் எழுத மறந்த பற்று. 1956-இல் ரைன்ஸும் கோவனும் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தார்கள். அதுதான் நியூட்ரினோ.

அணுக்கருவில் இன்னொரு விஷயம்: நிறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூரியன் நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறையை ஒளியாக விட்டுக்கொண்டிருக்கிறது.

ஏன் மாறாமல் இருக்க வேண்டும்? யார் வைத்த சட்டம்?

இதற்கு விடை சொன்னவர் எம்மி நோதர் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர், 1918-இல். பெண் என்பதால் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குப் பதவி தராமல், கணிதமேதை ஹில்பர்ட்டின் பெயரில் வகுப்பெடுக்க வைத்திருந்த காலம் அப்போதுதான் முடியும் தறுவாயில் இருந்தது. அவர் நிறுவியது இது: இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருந்தால், ஆற்றல் என்ற ஒரு தொகை மாறாமல் இருந்தே ஆக வேண்டும். காலையில் புவியீர்ப்பு குறைவு, மாலையில் அதிகம் என்று ஓர் உலகம் இருந்தால் காலையில் தண்ணீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கி லாபம் பார்க்கலாம். நம் உலகில் விலை ஏறி இறங்குவதில்லை, அதனால் அந்த வியாபாரம் நடக்காது.

விரியும் பிரபஞ்சம் முழுவதற்கும் இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. அங்கே மொத்த ஆற்றல் என்பதற்கே தெளிவான பொருள் சொல்வது கடினம். படிவம் ஐந்துக்கு அந்தக் கவலை வேண்டாம்.

தேர்வில் 'ஆற்றல் இழக்கப்பட்டது' என்று எழுதலாமா?

'தெனாகா ஹிலாங்' என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் நான் சிவப்பில் வட்டம் போடுவேன். எங்கே போனது, என்னவாகப் போனது என்று சேர்த்து எழுதுங்கள். ஒரு பயிற்சி: 30 கிலோ பிள்ளை 2 மீட்டர் உயரச் சறுக்கில் இறங்குகிறான். மேலே இருந்தது 600 ஜூல். கீழே வரும்போது வேகம் நொடிக்கு 4 மீட்டர், ஆக 240 ஜூல். மீதி 360 எங்கே? கால்சட்டையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விடை எழுதச் சொல்லுங்கள்.